"நன்றி சொல்லச் சொன்னார்": இன்னொருவர் சார்பில் நன்றி சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களுக்கு முன், ஓய்வு பெறப்போகிற மூத்த ஊழியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "மாடியில் கணக்குப் பிரிவில் இருக்கிற அம்மாவிடம் நான் ரொம்ப நன்றி சொன்னதாகச் சொல்லிவிடு" என்றார். நானும் படியேறிப் போய் அப்படியே ஒப்பித்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "எதுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தெரியலைம்மா, சொல்லச் சொன்னார்" என்று அசடு வழிந்துவிட்டு இறங்கி வந்தேன். பின்னால்தான் விஷயம் தெரிந்தது. அவருடைய மருத்துவச் செலவுக் கோப்பு எங்கேயோ தொலைந்துபோனபோது, அந்த அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டி, ஒவ்வொரு ரசீது எண்ணாகத் தேடி எடுத்து, கோப்பைத் திரும்ப உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த ரசீது எண்களைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். நான் கொண்டுபோனது வெறும் உறை, உள்ளே கடிதம் இல்லை.

அதிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கவனம் வந்துவிட்டது. என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகளையும், நானே எனக்குள் கேட்டுக்கொண்டவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அடுத்தவருடைய நன்றியை நான் சொன்னால் அது செல்லுமா?

செல்லும். ஆனால் எந்த வேடத்தில் சொல்கிறோம் என்பது முக்கியம்.

ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டினார். சில சொற்கள் செய்தி சொல்கின்றன, சில சொற்கள் சொல்லும்போதே ஒரு காரியத்தைச் செய்துவிடுகின்றன. "மழை பெய்கிறது" என்பது செய்தி. "மன்னித்துவிடுங்கள்", "வாக்குக் கொடுக்கிறேன்", "நன்றி" இவையெல்லாம் வாயைத் திறந்த அந்த நொடியிலேயே நடந்துமுடிகிற காரியங்கள்.

இதை நம் விஷயத்துக்குக் கொண்டுவந்தால், "அவர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்" என்பது செய்தி, அதாவது தூது. காரியத்தைச் செய்தவர் அவர், நாம் கொண்டுவந்து சேர்க்கிறோம். "அவர் சார்பில் உங்களுக்கு நன்றி" என்றால் காரியத்தையே நாம் செய்கிறோம், அவருடைய இடத்தில் நின்றுகொண்டு. தூதுக்கு அவர் சொன்ன வார்த்தை வேண்டும். பிரதிநிதியாக நிற்பதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் நாம் சொல்கிற நன்றி நம்முடைய நன்றி மட்டும்தான், அதை அப்படியே நம் பெயரில் சொல்லிவிடுவது நல்லது. கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த வித்தியாசத்திலேயே இருக்கிறது.

சார்பாக, சார்பில், அவருக்காக, அவருக்குப் பதிலாக: எதை எழுதுவது?

"சார்பில்", "சார்பாக" இரண்டும் சரி. எனக்குச் "சார்பில்" பிடிக்கும், காரணம் "சார்பு" என்ற சொல்லுக்குப் பக்கம் சாய்தல் என்ற பொருளும் இருப்பதால், "அவர் உங்களுக்குச் சார்பாகப் பேசினார்" என்பது போன்ற வாக்கியம் பக்கத்தில் வந்தால் வாசிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். அது சின்ன விஷயம், சண்டை போட வேண்டியதில்லை.

"அவருக்காக நன்றி" என்பதில்தான் சிக்கல். "அக்காவுக்காக நான் நன்றி சொல்கிறேன்" என்றால் அக்காவின் இடத்தில் நின்று சொல்கிறேனா, அக்காவுக்கு நீங்கள் செய்த உதவிக்காகச் சொல்கிறேனா, அக்காவின் முகத்துக்காக வேண்டாவெறுப்பாகச் சொல்கிறேனா? மூன்றும் வரும். பேச்சில் குரல் காப்பாற்றிவிடும், எழுத்தில் காப்பாற்றாது.

"அவருக்குப் பதிலாக நான் நன்றி சொல்கிறேன்" என்று எழுதவே வேண்டாம். வர வேண்டியவர் வரவில்லை, ஆள் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது மாதிரி ஒலிக்கும்.

அப்புறம் உருபு. "அவருக்கு நன்றி சொன்னேன்" என்றால் நன்றியைப் பெற்றவர் அவர். அவசரத்தில் கைப்பேசியில் தட்டும்போது "அப்பா சார்பில் உங்களுக்கு" என்பது "அப்பாவுக்கு உங்கள் சார்பில்" என்று தலைகீழாகப் போன செய்திகளை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றை நானே அனுப்பியிருக்கிறேன்.

"நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பது இங்கே பொருந்துமா?

யாருடைய நன்றி என்று பாருங்கள். "தெரிவித்துக்கொள்கிறேன்" என்பதில் உள்ள "கொள்" செயலைச் சொல்பவர் பக்கமே திருப்புகிறது, அதனால் சொந்த நன்றிக்கு நன்றாகப் பொருந்துகிறது. "எங்கள் குழுவின் சார்பில் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பதும் சரி, ஏனென்றால் குழுவில் நானும் ஒருவன். ஆனால் "தலைவருடைய நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பது இடறுகிறது. அடுத்தவர் வீட்டுச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் கொடுக்கிறேன் என்பது மாதிரி. அங்கே "தெரிவிக்கிறேன்" போதும், அல்லது "தலைவர் தம் நன்றியைத் தெரிவிக்கச் சொன்னார்" என்று எழுதிவிடலாம்.

பேச்சில் இதெல்லாம் வேண்டாம். "நன்றி சொல்லச் சொன்னார்" என்பதில் ஒரே சொல் இரண்டு தடவை வருகிறதே என்று சிலர் தயங்கி "நன்றி கூறுமாறு பணித்தார்" என்றெல்லாம் போகிறார்கள். தேவையே இல்லை. நம் மொழியில் அதைவிட இயல்பான வாக்கியம் இந்த வேலைக்குக் கிடையாது. ஆனால் "சொல்லிவிடச் சொன்னார்" என்று நீட்டாதீர்கள். அந்த "விட" வந்தவுடன் முடித்துத் தள்ளவேண்டிய வேலை மாதிரி ஆகிவிடுகிறது. என்னை அனுப்பியவர் "சொல்லிவிடு" என்றுதான் சொன்னார், அதை மேலே போய் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

சரி, அந்த "எதுக்கு?" என்ற கேள்விக்கு எப்படித் தயாராவது?

கேட்டுவிட்டுப் போங்கள். "நன்றி சொல்" என்று யாராவது சொன்னால் உடனே கிளம்பாமல், "எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?" என்று ஒரு கேள்வி. பெரும்பாலும் அப்போதுதான் உண்மையான நன்றியே வெளியே வரும். "அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி எடுத்துட்டு வந்தாரே, அதுக்கு" என்பார். இந்த ஒரு வரியை அவர் சொன்ன வார்த்தையிலேயே கொண்டுபோய்ச் சேருங்கள், "தங்களின் பேருதவிக்கு" என்று மெருகேற்ற வேண்டாம். பதினோரு மணி என்பதில் இருக்கிற சூடு பேருதவியில் இல்லை.

ஒரு மொழி விஷயமும் சொல்லிவிடுகிறேன். "நன்றி" என்ற சொல் பழைய தமிழில் செய்த நன்மையையே குறித்தது. "தினைத்துணை நன்றி செயினும்" என்று திருக்குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில் வருகிறதே, அங்கே நன்றி என்பது உதவி செய்தவர் செய்தது, பெற்றவர் சொன்னது இல்லை. அவர் செய்ததன் பெயரே பிற்பாடு நாம் சொல்லும் வார்த்தைக்கு வந்துவிட்டது. அதனால் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு நன்றியை மட்டும் தூக்கிக்கொண்டு போவது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானாக அவர் சார்பில் சொல்லலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. தம்பிக்கு யாரோ வேலை விஷயத்தில் உதவினார்கள், தம்பி வாயே திறக்கவில்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது, "தம்பி சார்பில் நன்றி" என்று எழுதிவிடட்டுமா?

வேண்டாம் என்பேன். தம்பியின் சார்பில் எழுதினால், தம்பி நன்றி சொல்லவில்லை என்பதை நீங்களே அவருக்கு ஞாபகப்படுத்துகிறீர்கள். அதைவிட உங்கள் நன்றியையே சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. "தம்பிக்கு நீங்கள் செய்த உதவியைக் கேள்விப்பட்டேன். வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை." இதில் தம்பி சொன்னானா இல்லையா என்ற பேச்சே எழவில்லை, அவன் நாளைக்குத் தானாகச் சொல்வதற்கும் இடம் இருக்கிறது.

கணவன் மனைவி விஷயம் மட்டும் கொஞ்சம் வேறு. ஒருவர் "நாங்கள் இருவரும்" என்று எழுதினால் யாரும் சம்மதப் பத்திரம் கேட்பதில்லை. அப்படி எழுதிய பிறகு மற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை அந்த மனிதரை நேரில் பார்க்கும்போது ஒருவர் நன்றிப் பெருக்கோடு நிற்க, இன்னொருவர் என்ன ஏதென்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும்.

மேலதிகாரி நன்றி சொல்லவில்லை, ஆனால் சொன்னதாகச் சொன்னால் ஊழியர்கள் மகிழ்வார்கள். சொன்னால் என்ன?

நல்ல மனதோடு செய்கிற பொய்தான், ஆனாலும் பொய். மாட்டிக்கொள்ளும் வழியும் எளிது. அந்த ஊழியர் மேலதிகாரியைப் பார்த்து, "நீங்க சொன்னீங்களாமே, ரொம்ப சந்தோஷம்" என்பார், அவர் "எதைச் சொன்னேன்?" என்பார். அதன்பிறகு நீங்கள் உண்மையாகவே கொண்டுவருகிற நன்றியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நடந்ததைச் சொல்லலாமே. "உங்கள் அறிக்கையை அவர் கூட்டத்தில் எடுத்துவைத்துப் பேசினார், மூன்றாம் பக்கத்து அட்டவணையை எல்லோரையும் பார்க்கச் சொன்னார்." அவர் நன்றி சொல்லவில்லை, நீங்களும் சொன்னதாகச் சொல்லவில்லை, கேட்பவருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது.

இன்னொரு வழி, மேலதிகாரியையே சொல்ல வைப்பது. இது பயனில்லாத வேலை இல்லை. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜீனோ என்ற இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களில் ஒரு பகுதியினரிடம் அந்தப் பிரிவின் இயக்குநர் நேரில் வந்து, உங்கள் உழைப்புக்கு நன்றி, பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் செய்வதை மதிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அடுத்த வாரத்தில் அவர்கள் செய்த அழைப்புகள் 50 விழுக்காட்டுக்கு மேல் கூடின, நன்றி சொல்லப்படாதவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. இதுவும் ஒரு நிறுவனத்தின் சார்பில் சொன்ன நன்றிதான். ஆனால் அதைச் சொல்வதற்குரியவர் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

குழந்தைக்கு யாரோ பரிசு கொடுத்தார்கள். குழந்தை பேசாமல் நிற்கிறது. நான் சொல்லிவிடட்டுமா?

சொல்லுங்கள், ஆனால் குழந்தையின் குரலை எடுத்துக்கொள்ளாதீர்கள். "தேங்க்யூ ஆன்ட்டி, சூப்பரா இருக்குன்னு சொல்றா" என்று பெற்றவர்கள் சொல்லும்போது குழந்தை ஒன்றுமே சொல்லியிருக்காது, அது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து, "பெட்டியைப் பிரித்ததிலிருந்து அந்த நீல வண்டியைக் கீழே வைக்கவில்லை, தூங்கும்போதும் கையில்தான்" என்று ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். குழந்தை கிறுக்கிய ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.

படுக்கையில் இருப்பவர், பேச முடியாதவர் சார்பில்?

இங்கே சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, கேட்கவும் வேண்டாம். கவனித்துக்கொண்ட செவிலியருக்கோ பக்கத்துப் படுக்கைக்காரருக்கோ நன்றி சொல்லும்போது நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "நீங்கள் தலையணையைத் திருப்பி வைத்தபிறகு அவர் முகம் சுருங்கவில்லை" என்பது நீங்கள் பார்த்தது. "அவர் மனதார உங்களை வாழ்த்துகிறார்" என்பது உங்கள் ஊகம். கையசைத்தோ கண் மூடித் திறந்தோ அவர் காட்ட முடிகிறவர் என்றால், அந்தச் செவிலியர் பெயரை அவரிடம் சொல்லி, "அவங்ககிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். "கேட்டேன், தலையாட்டினார்" என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது அவருடைய நன்றியாகவே போய்ச் சேரும்.

இறந்துபோனவர் சார்பில் நன்றி சொல்வது?

"அம்மா சார்பில்" என்று எழுதக் கை வராது, வரவும் வேண்டாம். இரண்டு விதமாக எழுதலாம். அவர் உயிரோடு இருந்தபோது உண்மையாகவே சொன்னது இருந்தால் அதைச் சொல்லுங்கள்: "கடைசி வாரத்திலும் உங்கள் தொலைபேசி வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்." அப்படி எதுவும் இல்லையென்றால் குடும்பத்தின் பெயரில் சொல்லுங்கள்: "அம்மாவை நீங்கள் பார்த்துக்கொண்டதை நாங்கள் மறக்க மாட்டோம்." "அம்மா இருந்திருந்தால் உங்களுக்கு எவ்வளவு நன்றி சொல்லியிருப்பார்" என்று தொடங்குகிற வாக்கியம் எழுதுபவருக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அம்மாவை நன்றாக அறிந்த ஒருவரிடம் அதைச் சொல்லும்போது ஜாக்கிரதை. சில அம்மாக்கள் வாயால் நன்றி சொல்லியதே கிடையாது.

குழு, சங்கம், நிறுவனம்: "நாங்கள்" என்பதா "நாம்" என்பதா?

யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நன்றி பெறுபவரை நேராகப் பார்த்துச் சொன்னால் "நாங்கள்", "எங்கள்". "நம் சங்கத்தின் சார்பில் உங்களுக்கு நன்றி" என்று வெளியாளிடம் சொன்னால், அந்த "நம்"மில் அவரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார், தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மேடையில் சபையைப் பார்த்து, "இவருக்கு நாம் எல்லோரும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்" என்றால் "நாம்"தான் சரி, கேட்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். நம் மொழியில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது எவ்வளவு வசதி!

குழுவின் சார்பில் பேசுகிறவர் முதலில் குழுவின் நன்றியைச் சொல்லிவிட்டு, "தனிப்பட்ட முறையில் எனக்கும்" என்று ஒரு வரி சேர்ப்பது நல்ல பழக்கம். ஒரு வரி மட்டும். அந்த ஒரு வரி பத்து நிமிடமாகி, குழு காணாமல்போய், பேச்சாளருடைய வாழ்க்கை வரலாறாக முடிந்த நன்றியுரைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

விருதையோ பாராட்டையோ இன்னொருவர் சார்பில் மேடையேறி வாங்குகிறேன். என்ன பேசுவது?

நான் யார், அவர் ஏன் வரவில்லை, அவர் என்ன சொல்லச் சொன்னார், இறங்கிவிட வேண்டியது. முன்மாதிரி வேண்டுமென்றால் 1991 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் நடந்ததைப் பாருங்கள். பர்மாவின் ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சி வீட்டுக்காவலில் இருந்ததால் அமைதிக்கான நோபல் பரிசை அவருடைய மகன்கள் இருவரும் பெற்றுக்கொண்டார்கள். ஏற்புரை நிகழ்த்திய மூத்த மகன் அலெக்சாண்டருக்கு அப்போது 18 வயது. அந்தப் பேச்சில் எனக்குப் பிடித்தது அவர் போட்ட கோடு. அம்மா இங்கே இருந்திருந்தால் இந்தப் பரிசைத் தன் பெயரில் இல்லாமல் பர்மிய மக்கள் எல்லோருடைய பெயரிலும் ஏற்பதாகச் சொல்லியே தொடங்கியிருப்பார் என்று அவருக்காகப் பேசினார், தன்னுடைய கருத்து வருமிடத்தில் மகனாகத் தான் சொல்வது என்று பிரித்துச் சொன்னார். எது அம்மாவுடையது, எது தன்னுடையது என்று கேட்பவருக்குக் குழப்பமே வரவில்லை. சூச்சி தன் நோபல் உரையைத் தானே அங்கு போய் நிகழ்த்தியது 2012 ஜூனில்தான்.

நன்றியோடு ஒரு மறுப்பையும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எது முதலில்?

நன்றி முதலில், மறுப்பு அடுத்து, காரணம் சுருக்கமாக. "உங்கள் அழைப்புக்கு அவர் மிகவும் நன்றி சொல்லச் சொன்னார். அந்த வாரம் வேறு வேலை இருப்பதால் வர இயலவில்லை." இவ்வளவு போதும். காரணத்தை நீங்கள் நீட்ட ஆரம்பித்தால் அடுத்த கேள்வி வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

மறுப்பைச் சுமந்துபோகிறவர் படுகிற பாட்டுக்கு 1973 மார்ச் மாத ஆஸ்கர் விழாவைச் சொல்வார்கள். மார்லன் பிராண்டோ சிறந்த நடிகர் விருதை ஏற்க மறுத்து, சாஷீன் லிட்டில்ஃபெதர் என்ற பெண்ணிடம் நீண்ட உரையை எழுதிக் கொடுத்து அனுப்பினார். நேரமில்லை, அறுபது வினாடிதான் என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவர் விருதைக் கையால் தொடாமல், தான் யார், யாருக்காக வந்திருக்கிறேன், மிகுந்த வருத்தத்தோடு ஏற்க இயலவில்லை, காரணம் இது என்று பணிவாகச் சொன்னார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது, ஒரு பகுதி கை தட்டியது. முழு உரையை அப்புறம் பத்திரிகையாளர்களிடம் படித்தார். அனுப்பியவர் வீட்டில் இருந்தார், கூச்சலைக் கேட்டவர் இவர். யாரையாவது இப்படி அனுப்புமுன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

மின்னஞ்சலில் எப்படி எழுதுவது? கையெழுத்து யாருடையது?

உங்கள் பெயர்தான். அவர் பெயரைக் கீழே போட்டால் அது அவர் எழுதிய கடிதம் ஆகிவிடும். அலுவலகக் கடிதங்களில் "செயலாளருக்காக" என்று போட்டு வேறொருவர் கையெழுத்திடும் வழக்கம் உண்டு. அந்த இடத்தில் "-க்காக" குழப்பம் தராது, பதவியின் பெயரோடு வருவதால்.

முதல் வரியிலேயே யாருடைய நன்றி என்று தெரிய வேண்டும், மூன்றாம் பத்தியில் கண்டுபிடிக்கும்படி வைக்கக் கூடாது. ஒரு மாதிரி:

"வணக்கம். எங்கள் இயக்குநர் சார்பில் இதை எழுதுகிறேன். சென்ற வாரப் பயிற்சி வகுப்பில் நீங்கள் கடைசி ஒரு மணி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்கியது பங்கேற்றவர்களுக்கு மிகவும் பயன்பட்டது என்று அவர் குறிப்பிட்டார். அவருடைய நன்றியை உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னார். அவர் அடுத்த மாதம் ஊர் திரும்பியதும் நேரில் பேசுவார். வகுப்பில் நானும் இருந்தேன், எனக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் பிடித்தது."

அனுப்பும்போது நகல் வரிசையில் இயக்குநரையும் சேர்த்துவிடுங்கள். பெறுபவருக்கு இது உண்மையென்று தெரியும், இயக்குநருக்கும் தன் பெயரில் என்ன போனது என்று தெரியும். "அடுத்த மாதம் நேரில் பேசுவார்" என்ற வரியை மட்டும் கேட்காமல் எழுதாதீர்கள், அது அவர் தலையில் நீங்கள் கட்டுகிற வாக்குறுதி.

"நீயே எழுதிக் கொடு, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். இதுவும் சார்பில் சொல்வதுதானா?

இல்லை. கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1979-இல் பேச்சில் இருக்கிற ஆட்களை மூன்றாகப் பிரித்தார்: குரல் கொடுப்பவர், வார்த்தைகளைக் கோத்தவர், அந்த வார்த்தைகளுக்குப் பொறுப்பானவர். தூது போகும்போது நீங்கள் குரல் மட்டும். எழுதிக் கொடுக்கும்போது வார்த்தை மட்டும். பொறுப்பு இரண்டிலும் அவருடையது. அதனால் எழுதிக் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அவர் வாயில் வராத சொற்களை வைக்காதீர்கள். வாழ்நாளில் "அகம் மகிழ்ந்தேன்" என்று சொல்லாத மனிதர் கடிதத்தில் திடீரென்று அகம் மகிழ்ந்தால், பெறுபவர் சிரித்துக்கொண்டே யார் எழுதியது என்று யோசிப்பார். ஒரு இடத்தை வெறுமையாக விட்டு, "இங்கே உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள்" என்று கொடுத்துப் பாருங்கள். பெறுபவர் அந்த வரியைத்தான் படிப்பார்.

மரியாதை விகுதி: "தம்பி சொல்லச் சொன்னான்" என்பதா "சொன்னார்" என்பதா?

ஜப்பானிய மொழியில் வெளியாளிடம் பேசும்போது தன் மேலதிகாரியைப் பற்றிக்கூட மரியாதைச் சொல் இல்லாமல்தான் பேசுவார்கள். நமக்கு அப்படி இல்லை, அப்பாவும் தலைவரும் யாரிடம் பேசினாலும் "சொன்னார்"தான். தம்பி, மகன் விஷயத்தில் வாய்ப்பேச்சில் "சொன்னான்" உரிமையோடு இருக்கும். எழுத்தில், அதுவும் அலுவல் கடிதத்தில், "சொன்னார்" எழுதுங்கள், அவர் வளர்ந்த ஆள் என்றால்.

சொல்ல மறந்து ஆறு மாதமாகிவிட்டது. இனிச் சொன்னால் அசிங்கமாக இருக்காதா?

இருக்காது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாகவும், அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். பெற்றவர்கள் சொன்ன கணக்கு வேறாக இருந்தது. அடுத்தவர் நன்றியை மறந்தது உங்கள் தப்பு என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "மார்ச்சிலேயே சொல்லச் சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன்." இல்லாவிட்டால் தாமதம் அவர் தலையில் விழும், பாவம்.

"நன்றிகள்" என்று எழுதலாமா?

நன்றிக்குப் பன்மை கிடையாது என்று சிலர் கோபப்படுவார்கள். "நன்றிகள் பல" ஊரெல்லாம் புழங்குகிறது, நான் சண்டைக்குப் போவதில்லை. பல பேர் சார்பில் சொல்கிறோம் என்பதற்காகப் பன்மை போட வேண்டியதில்லை, நூறு பேருடையதானாலும் "நன்றி" போதும்.

நான் இன்னொருவரிடம் சொல்லி அனுப்பும்போது?

காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள், ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அளவுக்கு. அப்புறம், உங்களால் நேரில் சொல்ல முடிகிற இடத்தில் ஆள் அனுப்பாதீர்கள். நாலு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொருவர் மூலம் நன்றி வந்தால், ஏன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்றுதான் அவர் யோசிப்பார். பெரிய உதவியென்றால் தூது அனுப்பியதோடு உங்கள் நன்றிக்கடன் தீர்ந்துவிடாது. அது முன்னால் போய்ச் சேர்கிற செய்தி, நீங்கள் பின்னால் வர வேண்டும்.

"இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் என்ன செய்ய?

அதைக் கொண்டுவந்து சேருங்கள். போன வழியே திரும்பி வருவதும் உங்கள் வேலைதான், பலபேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். அவர் சொன்ன வார்த்தை மட்டுமில்லை, எப்படிச் சொன்னார் என்பதையும் கொண்டுவாருங்கள்: சிரித்தாரா, கண் கலங்கினாரா, வேலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னாரா. கணக்குப் பிரிவு அம்மா விஷயத்தில் காரணம் தெரிந்தபிறகு நான் மறுபடி மாடியேறிப் போய், அந்த ரசீது எண்களைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து, எண்கள் கிறுக்கியிருந்த ஒரு பழைய துண்டுக் காகிதத்தை எடுத்து, "அவர்கிட்ட கொடு, இதுல ரெண்டு எண் கடைசிவரைக்கும் கிடைக்கவே இல்லை" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.